84 லிட்டர் பவளத் தொட்டிக்கு ஒரே ஒரு வண்ண மீன்: எதைத் தேர்ந்தெடுப்பது?

நீலத்திரை (சிங்கப்பூர்)

அன்பர்கள் அனைவருக்கும் வணக்கம். எங்கள் அடுக்குமாடி வீட்டுக் கூடத்தில் 60 செ.மீ நீளம், 35 செ.மீ அகலம், 40 செ.மீ உயரம் கொண்ட கடல்நீர்த் தொட்டி ஒன்றை வைத்திருக்கிறேன். கணக்குப்படி 84 லிட்டர். பாறையும் மணலும் பிடிக்கும் இடத்தைக் கழித்தால் 65 லிட்டர் அளவுக்கே நீர் இருக்கும். தொட்டி ஓடத் தொடங்கி ஓராண்டை நெருங்குகிறது. சில்லர் என்ற நீர் குளிர்விப்பானின் உதவியால் வெப்பம் 26 பாகையிலும், உப்பளவைக் காட்டும் ஒப்படர்த்தி 1.025 என்ற அளவிலும் நிலையாக இருக்கின்றன. அம்மோனியாவும் நைட்ரைட்டும் சோதனையில் தென்படுவதில்லை. குழாய்நீரில் குளோரமின் இருப்பதால், உப்பைக் கரைப்பதற்கும் ஆவியான அளவை ஈடுசெய்வதற்கும் ஆர்.ஓ. முறையில் வடிகட்டிய நீரையே பயன்படுத்துகிறேன்.

இப்போது உள்ளே ஓர் இணை ஒசெல்லாரிஸ் கோமாளி மீன்கள், ஒரு துப்புரவு இறால், சோவாந்தஸ் பவளங்கள், காளான் பவளங்கள், ஒரு யூஃபிலியா பவளம் ஆகியவை இருக்கின்றன. மூன்றாவதாக ஒரே ஒரு மீனை மட்டும் சேர்த்து, அத்துடன் நிறுத்திக்கொள்ள விரும்புகிறேன். கூடத்துக்குள் நுழைபவரின் கண்ணை முதலில் ஈர்க்கும் நிறம் அதற்கு இருக்க வேண்டும் என்பதே என் ஆசை. மாண்டரின் மீன், நீல டாங் குஞ்சு, ராயல் கிரம்மா ஆகிய மூன்றும் என் மனத்தில் உள்ளன. நீல டாங் விரல் நீளம்தான் இருக்கிறது, வளர்ந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்று கடையில் சொன்னார்கள். உங்கள் கருத்துகளை அறிய விரும்புகிறேன்.

---

உப்புக்கல் (சென்னை)

வணக்கம் நீலத்திரை. அளவுகளைத் தெளிவாகத் தந்தமைக்கு நன்றி. பெரும்பாலானோர் தொட்டியின் பெயரை மட்டும் சொல்லிவிட்டு மீன் கேட்பார்கள்.

நீல டாங்கை இப்போதே பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். விரல் நீளத்தில் விற்கப்படும் அந்த மீன் முழு வளர்ச்சியில் 30 செ.மீ வரை எட்டும், அதாவது உங்கள் தொட்டியின் நீளத்தில் சரிபாதி. நீளத்தைவிடவும் அதன் இயல்புதான் எனக்குப் பெரிய தடையாகப் படுகிறது. திறந்த நீரில் நாள் முழுவதும் நீந்தித் திரியும் இனம் அது, 60 செ.மீ தூரத்தில் மூன்று வீச்சுக்கு ஒருமுறை கண்ணாடியில் திரும்ப வேண்டியிருக்கும். அப்படி ஓய்வின்றித் திரும்பிக்கொண்டிருக்கும் மீன் தளர்ந்துபோகிறது, தளர்ந்த டாங்குக்கு வெண்புள்ளி நோய் வருவது ஏறக்குறைய உறுதி. அந்த நோயைத் தரும் கிரிப்டோகேரியான் ஒட்டுண்ணிக்கு எளிதில் இலக்காகும் மீன்களில் நீல டாங் முன்வரிசையில் இருக்கிறது. நோய் வந்தபின் செம்பு மருந்தை உங்கள் தொட்டியில் ஊற்றவும் முடியாது, ஏனெனில் அது இறாலையும் பவளங்களையும் கொன்றுவிடும்.

வளர்ந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்பது விற்பவருக்கு வசதியான சொல். வளர்ந்தபின் அந்த மீனைத் திரும்ப ஏற்றுக்கொள்ள இடம் வைத்திருப்பவர் மிகச் சிலரே. குஞ்சாக இருக்கும்போதே இடநெருக்கடியில் வளர்ந்த டாங்கைப் பிறகு பெரிய தொட்டிக்கு மாற்றினாலும் இழந்ததை அது முழுவதுமாக மீட்டுக்கொள்வதில்லை. 2016இல் ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தின் வெப்பமண்டல மீன்வளர்ப்பு ஆய்வகத்தில் இந்த இனத்தை முட்டையிலிருந்து வளர்த்தெடுத்தார்கள் என்பது மகிழ்ச்சியான செய்தி. பண்ணையில் பிறந்தாலும் அதே 30 செ.மீ தான் வளரும்.

---

பனிக்கரை (டொராண்டோ)

உப்புக்கல் அவர்கள் சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். என் பரிந்துரை ராயல் கிரம்மா.

கரீபியக் கடலுக்குரிய இந்த மீன் 8 செ.மீ அளவோடு நின்றுவிடும். முன்பாதி கத்தரிப்பூ நிறமும் பின்பாதி பொன்மஞ்சளும் கொண்டது; இரண்டும் சந்திக்கும் இடத்தில் மஞ்சள் புள்ளிகள் ஊதாவுக்குள் சிதறி ஓடும். முதுகுத் துடுப்பின் முன்முனையில் ஒரு கரும்புள்ளியும், கண்ணின் குறுக்கே மெல்லிய கருங்கோடும் உண்டு. இந்த அடையாளங்களை விரித்துச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. மேற்குப் பசிபிக்கில் பிடிக்கப்படும் ராயல் டாட்டிபேக் என்ற மீனும் இதே ஊதா மஞ்சள் வண்ணத்தில்தான் இருக்கும். கரீபியனிலிருந்து வெகுதூரம் வர வேண்டிய கிரம்மாவைவிட, அருகிலுள்ள கடல்களிலிருந்து வரும் டாட்டிபேக்தான் ஆசியக் கடைகளில் மிகுதியாகவும் மலிவாகவும் கிடைக்கிறது. ஒன்றின் பெயரில் மற்றொன்று விற்கப்படுவதும் உண்டு. டாட்டிபேக்கில் இரு நிறங்களும் கத்தியால் அறுத்ததுபோல் ஒரே கோட்டில் பிரியும், துடுப்புகள் நிறமற்றுத் தெளிவாக இருக்கும், கரும்புள்ளி இராது. குணத்திலோ இரண்டுக்கும் வெகுதூரம். ராயல் டாட்டிபேக் தன் அளவுள்ள எந்த மீனையும் நிம்மதியாக இருக்க விடாது. 65 லிட்டரில் துரத்தப்படும் மீனுக்குத் தப்பிச் செல்ல இடமும் இல்லை.

கிரம்மாவும் தன் குகையைக் காத்துக்கொள்ளும். ஆனால் அது பெரும்பாலும் வாயை அகலத் திறந்து மிரட்டுவதோடு நின்றுவிடுகிறது. பாறையின் அடிப்பரப்பை ஒட்டித் தலைகீழாக நீந்துவதும் அதன் இயல்பே. புதிதாக வாங்கியவர்கள் அதைக் கண்டு நோய் என்று அஞ்ச வேண்டியதில்லை.

---

அந்திமீன் (கோலாலம்பூர்)

மாண்டரினைப் பற்றி யாரும் இன்னும் ஒரு சொல்லும் சொல்லவில்லை. நான் சொல்கிறேன்.

நிறம்தான் முதல் அளவுகோல் என்றால் மாண்டரினுக்கு நிகரான மீன் கடலிலேயே அரிது. மற்ற மீன்களில் நாம் காணும் நீலம், தோலின் உயிரணுக்களில் உள்ள நுண்ணிய படிகங்கள் ஒளியைச் சிதறடிப்பதால் தோன்றுவது. மாண்டரினின் நீலமோ உண்மையான நீல நிறமி. அதைத் தாங்கும் உயிரணுக்களை ஜப்பானிய ஆய்வாளர்கள் 1995இல் விவரித்தார்கள். முதுகெலும்பிகளில் இப்படி உயிரணுக்களிலேயே நீல நிறமி கொண்டவை என்று அறியப்பட்டவை இதுவும் இதன் நெருங்கிய உறவினமான புள்ளி மாண்டரினும்தான். அந்த நீலத்தின்மேல் ஆரஞ்சு நெளிகோடுகள் ஓடும் அழகை ஒருமுறை அருகில் பார்த்தவர் வேறொன்றைக் கேட்கமாட்டார்.

முழு வளர்ச்சியில் 6 முதல் 7 செ.மீ தான். மெல்ல ஊர்ந்து திரியும், எவரையும் துன்புறுத்தாது, பவளத்தைக் கடிக்காது. பண்ணையில் பிறந்த மாண்டரின்கள் உறைந்த உணவையும் சிறு குருணைகளையும் உண்ணப் பழக்கப்பட்டே வருகின்றன. தொட்டியோடு ஒரு பாசி அறையை இணைத்து, அதில் கீட்டோமார்ஃபா பாசியை வளர்த்து, மாண்டரினின் உணவான கோப்பிபாடு என்ற சிற்றுயிர்களைத் தனியாகப் பெருக்கி வாரந்தோறும் சேர்த்தால் சிறு தொட்டியிலும் வளர்க்கலாம். நானே வளர்க்கிறேன்.

---

உப்புக்கல் (சென்னை)

அந்திமீன், உங்கள் மாண்டரினின் படங்களை இங்கே பார்த்திருக்கிறேன். அதன் வயிறு நிறைந்திருப்பதே உங்கள் உழைப்புக்குச் சான்று. ஆனாலும் அந்த உழைப்பு எவ்வளவு என்பதை நீலத்திரை அறிந்தபின் முடிவெடுக்க வேண்டும் என்பதால் சிலவற்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

மாண்டரின் ஒரு வேளை உணவு உண்டு மறுவேளைக்குக் காத்திருக்கும் மீன் அன்று. விழித்திருக்கும் நேரம் முழுவதும் பாறைமீது ஊர்ந்து, கண்ணுக்குத் தெரியும் தெரியாத சிற்றுயிர்களை ஒவ்வொன்றாகக் கொத்திக்கொண்டே இருக்கும். இந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க, உயிர்ப்பாறை (சிற்றுயிர்கள் குடியேறிய பாறை) நிறைந்து ஓராண்டுக்குமேல் முதிர்ந்த 200 முதல் 300 லிட்டர் தொட்டி வேண்டும் என்பது அனுபவமுள்ளவர்கள் பலரும் ஒப்புக்கொள்ளும் அளவு. நீலத்திரையின் தொட்டியில் அதில் மூன்றிலொரு பங்கு நீரும் இல்லை. அங்குள்ள கோப்பிபாடுகளைக் கோமாளி இணையும் தின்னும். மாண்டரின் வந்த சில வாரங்களில் பாறை வெறுமையாகிவிடும். அதன்பின் அது பட்டினி கிடப்பது உடனே புலப்படாது. நிறம் அப்படியே இருக்கும், ஊர்தலும் அப்படியே இருக்கும், வயிறு மட்டும் உள்வாங்கித் தலைக்குப் பின்னுள்ள முதுகுச் சதை கூர்மையாகத் தெரியத் தொடங்கும். நம்மில் பலர் அதைக் கவனிக்கும்போது காலம் கடந்திருக்கும்.

பண்ணை மாண்டரின் குருணை தின்னும் என்பது உண்மை. அதற்கும் ஒரு நாளில் பல வேளை, சிறிது சிறிதாக, அதன் வாய்க்கருகே உணவு போய்ச் சேர வேண்டும். இரண்டு கோமாளி மீன்களும் ஓர் இறாலும் இருக்கும் தொட்டியில் அந்த உணவை மாண்டரின் வந்து சேரும்வரை விட்டுவைப்பவர் யார்? அது மெதுவான மீன். கூடுதலாகப் போடும் உணவு அழுகி நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் உயர்த்தும். 65 லிட்டரில் அந்த உயர்வு விரைவாகவே பவளங்களில் தெரியும். நீலத்திரை தீபாவளிக்கு இரண்டு வாரம் ஊருக்குச் சென்றால் அத்தனையையும் யார் செய்வார்கள் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

---

அந்திமீன் (கோலாலம்பூர்)

இதை மறுக்கமாட்டேன். என் தொட்டியில் மாண்டரினைத் தவிர வேறு மீன் இல்லை என்பதையும், கோப்பிபாடுகளுக்கென்று தனிக் குடுவைகளில் பாசிநீர் வளர்க்கிறேன் என்பதையும் முன்பே சொல்லியிருக்கலாம். கோமாளி இணை ஏற்கெனவே குடியிருக்கும் தொட்டிக்கு நானும் மாண்டரினைப் பரிந்துரைக்கவில்லை. ஆயினும் சிறு தொட்டியில் மாண்டரின் என்றாலே முடியாது என்று ஒரே வரியில் மூடிவிடுவது முறையன்று. அதற்கென்றே அமைத்த தொட்டியாக இருக்க வேண்டும், வேறு மீன் இருக்கக் கூடாது என்று சொல்லுங்கள்.

---

நீலத்திரை (சிங்கப்பூர்)

இருவருக்கும் நன்றி. நீல டாங்கையும் மாண்டரினையும் விலக்கிவிட்டேன். பணி நிமித்தம் மாதத்தில் சில நாள்கள் வெளியூரில் இருப்பவன் நான்; அத்தனை வேளை உணவை வீட்டில் உள்ளவர்களிடம் சுமத்த இயலாது.

மேலும் ஒரு கேள்வி. என் எல்.ஈ.டி. விளக்கு பெரும்பாலும் நீல ஒளியிலேயே இயங்குகிறது, ஏனெனில் பவளங்கள் அந்த ஒளியில்தான் மின்னுகின்றன. கிரம்மாவின் ஊதா இந்த ஒளியில் எப்படித் தெரியும்?

---

பனிக்கரை (டொராண்டோ)

இந்தக் கேள்வியை மீன் வாங்கும் முன்னரே கேட்டது நல்லது.

பவளங்கள் நீல ஒளியில் மின்னுவதற்கு அவற்றின் திசுவிலுள்ள ஒளிரும் புரதங்கள் காரணம். அவை நீல ஒளியை உள்வாங்கிப் பச்சையாகவோ சிவப்பாகவோ திருப்பித் தருகின்றன. மீனின் தோல் நிறம் பெரும்பாலும் அப்படிப்பட்டதன்று. தன்மேல் விழும் ஒளியில் உள்ள நிறத்தைத்தான் அது திருப்பி அனுப்ப முடியும். வெறும் நீல ஒளியில் மஞ்சளும் சிவப்பும் இல்லாதபோது கிரம்மாவின் பொன்மஞ்சள் பாதி மங்கிய பச்சையாகவும், ஊதாப் பாதி ஆழ்நீலமாகவும் தெரியும். பின்னணிக் கண்ணாடி கறுப்பாக இருந்தால் முன்பாதி அதிலேயே கரைந்துபோகும். சிவந்த மீன்கள் இதைவிட மோசமாக, ஏறக்குறையக் கறுப்பாகத் தெரியும். கடலிலும் இதுவே நிகழ்கிறது. நீர் முதலில் விழுங்கும் நிறம் சிவப்பு என்பதால் பத்து மீட்டருக்குக் கீழே செல்லும்போது சிவந்த மீன் இருளோடு இருளாகிறது. அதனால்தான் ஆழத்திலும் குகைகளிலும் வாழும் மீன்கள் பலவும் சிவப்பு உடலோடு பாதுகாப்பாக இருக்கின்றன.

ஆகவே நீங்கள் கூடத்தில் அமர்ந்து தொட்டியைப் பார்க்கும் மாலை நேரத்தில் இரண்டு மணி நேரமேனும் வெள்ளை ஒளியின் அளவை உயர்த்திவையுங்கள். ஒரே நாளில் உயர்த்தினால் பவளங்கள் வெளுக்கும். இரண்டு மூன்று வாரங்களில் சிறிது சிறிதாக உயர்த்த வேண்டும். கடைகளிலும் விளக்கு நீலமாகவே இருக்கும் என்பதால், அங்கே மீனைப் பார்க்கும்போது வெள்ளை ஒளியைப் போட்டுக் காட்டும்படி கேளுங்கள். மெலிவும், தோலில் உள்ள வெண்புள்ளிகளும், கிழிந்த துடுப்பும் நீல ஒளியில் மறைந்துவிடுகின்றன.

---

பாம்பன்காற்று (இராமநாதபுரம்)

பனிக்கரை சொன்ன ஒளியோடு உணவையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். மீன்கள் மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு நிறங்களுக்கு வேண்டிய கரோட்டினாய்டு நிறமிகளைத் தம் உடலில் தாமே உருவாக்குவதில்லை. உண்ணும் இறாலினங்களிலிருந்தும் சிற்றுயிர்களிலிருந்தும் பெறுகின்றன. ஒரே வகை மலிவுக் குருணையை ஆண்டு முழுவதும் போட்டால் கிரம்மாவின் மஞ்சளும் கோமாளியின் ஆரஞ்சும் சில மாதங்களில் வெளிறிப்போவது இதனால்தான். மைசிஸ் என்ற சிறு இறாலினம், மீன்முட்டை, அஸ்டாசாந்தின் என்ற கரோட்டினாய்டு கலந்த குருணை ஆகியவற்றை மாற்றி மாற்றித் தாருங்கள். ஆர்ட்டீமியா என்ற உப்புநீர்ச் சிற்றிறாலைச் சத்தூட்டாமல் கொடுத்தால் வயிறு நிறையுமே தவிர உடலில் சேர்வது குறைவு.

அச்சமும் நிறத்தைக் குறைக்கும். துரத்தப்படும் மீன் மங்கும், பாறைக்குப் பின்னால் ஒடுங்கும், அதன் பிறகு எவ்வளவு விலை கொடுத்து வாங்கியிருந்தாலும் கூடத்திலிருந்து பார்ப்பவர் கண்ணில் படாது. எனவே மிகப் பளிச்சென்ற மீன் எது என்று தேடுவதைவிட, இந்தத் தொட்டியில் அச்சமின்றி வெளியே நிற்கும் மீன் எது என்று தேடுவதே உங்கள் ஆசையை நிறைவேற்றும். இந்த அளவுகோலில் நான் ஆர்க்கிட் டாட்டிபேக்கை முன்வைக்கிறேன்.

---

பனிக்கரை (டொராண்டோ)

டாட்டிபேக் இனத்தையா பரிந்துரைக்கிறீர்கள்? மேலே நான் எழுதியதைப் படித்தீர்கள் அல்லவா?

---

பாம்பன்காற்று (இராமநாதபுரம்)

படித்தேன், ராயல் டாட்டிபேக்கைப் பற்றி நீங்கள் எழுதிய ஒவ்வொரு சொல்லும் சரியே. ஆர்க்கிட் டாட்டிபேக் வேறு இனம், வேறு கடல், வேறு குணம்.

செங்கடலில் மட்டுமே வாழும் அந்த மீனை 1968இல் அறிவியல் உலகுக்கு விவரித்தார்கள். தலைமுதல் வால்வரை ஒரே ஊதா நிறம், கண்ணின் ஊடாக ஒரு கருங்கோடு. நீளம் 6 செ.மீ அளவு. டாட்டிபேக்குகளில் மிகச் சாந்தமானது என்று அதை வளர்த்தவர்கள் ஒருமித்துச் சொல்லும் பெயர் அதற்கு உண்டு. வந்த சில நாள்களில் பாறைக்கு வெளியே வந்து முன்கண்ணாடியருகே உலவத் தொடங்கிவிடும். கிரம்மா அவ்வளவு விரைவில் குகையை விட்டு வெளியே வராது. பாறையிடுக்குகளில் மறையும் முட்புழுக்களையும் அது வேட்டையாடும்.

எனக்கு எல்லாவற்றையும்விட முதன்மையான காரணம், இந்த மீன் பண்ணைகளில் பெருமளவு வளர்க்கப்படுகிறது என்பது. பிலிப்பைன்ஸ் கடல்களில் 1960களிலிருந்தும், பிறகு இந்தோனேசியக் கடல்களிலும் சயனைடு கரைசலைப் பாறைகளில் பீய்ச்சி வண்ண மீன்களை மயக்கிப் பிடிக்கும் கேடு நடந்துவருகிறது. அப்படிப் பிடிபட்ட மீன் கடையில் மிக அழகாகவே தெரியும். சில நாளில் காரணம் தெரியாமல் இறந்துபோகும். அது வாழ்ந்த பவளமும் அதனோடு இறந்திருக்கும். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைப் பார்த்து வளர்ந்தவன் என்பதால், பவளத்திட்டில் வாழும் மீனைக் கண்ணாடித் தொட்டியில் வைக்கும் எவரும் அது எங்கிருந்து, எப்படி வந்தது என்று கேட்க வேண்டும் என நான் உறுதியாக நினைக்கிறேன். எங்கள் மண்டபத்திலுள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தினர் கோமாளி மீன்களைப் பொரிப்பகத்தில் பெருக்கும் முறையை உருவாக்கியபோது இங்குள்ள பலருக்கும் அது ஒரு வழியைக் காட்டியது. முட்டை ஏறத்தாழ ஒரு வாரத்தில் பொரிக்கும், குஞ்சுகளுக்கு முதல் உணவாக ரோட்டிஃபர் என்ற நுண்ணிய நீருயிர் போதும். கடலிலிருந்து எடுக்காமலே கடலின் நிறத்தை வீட்டுக்குக் கொண்டுவர முடிகிறது.

---

உப்புக்கல் (சென்னை)

பாம்பன்காற்று சொன்னதோடு, இந்தியாவிலிருந்து இந்த இழையைப் படிப்பவர்களுக்காக ஒன்று. கற்பவளங்கள் அனைத்தும் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. கடற்கரையில் கிடந்தது என்று எடுத்துவந்தாலும் குற்றமே. சென்னையில் நான் வைத்திருப்பது பவளமில்லாத, செயற்கைப் பாறை மட்டும் கொண்ட மீன் தொட்டி. மீன் தேர்வுக்கான நெறிகள் அதற்கும் இவையேதான்.

நீலத்திரையின் தொட்டியிலுள்ள இறாலைப் பற்றி ஓர் ஐயம். டாட்டிபேக்குகள் சிறு இறால்களைத் தின்னும் அல்லவா?

---

பாம்பன்காற்று (இராமநாதபுரம்)

தின்னும். ஒரு செ.மீ அளவுள்ள குட்டி இறால்களை வைத்திருப்பவர் ஆர்க்கிட் டாட்டிபேக்கை வாங்கக் கூடாது. நீலத்திரையிடம் இருப்பது முழு வளர்ச்சியடைந்த துப்புரவு இறால் என்றால் அதன் உடல் இந்த மீனுக்கு நிகரான நீளம் இருக்கும். சட்டையுரிக்கும் இரவில் மட்டும் இறால் மென்மையாக இருக்கும். அப்போது ஒளிந்துகொள்ள அதற்கு ஓர் இடுக்கு வேண்டும்.

---

கரைவலை (சிட்னி)

இழையை முழுவதும் படித்தேன். இந்த அளவுத் தொட்டிக்கு வழக்கமாகச் சொல்லப்படும் வேறு சில மீன்களையும் குறிப்பிடலாம் என்று தோன்றுகிறது. ஃபயர்ஃபிஷ் வெண்மையில் தொடங்கிச் செந்தழலாக முடியும் பேரழகு. ஆனால் அஞ்சிய நொடியில் தொட்டியை விட்டுத் துள்ளிவிடும், கோமாளி இணை அதை அஞ்சவைக்கும். ஆறுகோட்டு ராஸ் சிறியதாக இருந்தாலும் பின்னால் வரும் எந்த மீனையும் வாழவிடாது. மஞ்சள்வால் டாம்சல் உறுதியான மீன், மலிவும்கூட. நாளடைவில் இடத்துக்காகச் சண்டையிடும். மஞ்சள் காவல் கோபியை நான் மிகவும் விரும்புகிறேன். துப்பாக்கி இறாலோடு ஒரே வளையில் வாழும் அது, கண் மங்கிய இறால் வளையைத் தோண்டும்போது வாசலில் நின்று காவல் காக்கும். இறால் தன் உணர்கொம்பை மீனின் உடலில் வைத்தபடியே வேலை செய்வதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். ஆயினும் அது மணலோடு மணலாக இருக்கும் மீன். கூடத்தின் மறுமுனையிலிருந்து தெரியாது. பங்காய் கார்டினல் நிறத்துக்காக அன்றி வடிவத்துக்காக விரும்பப்படுவது. இந்தோனேசியாவின் சில தீவுகளை ஒட்டி மட்டுமே வாழும் அதை, இயற்கைப் பாதுகாப்புக்கான பன்னாட்டு ஒன்றியம் 2007இல் அழியும் ஆபத்துள்ள இனமாக அறிவித்தது. வாங்குவதாக இருந்தால் பண்ணை மீனை மட்டுமே வாங்க வேண்டும்.

---

நீலத்திரை (சிங்கப்பூர்)

இன்று பாசிர் ரிஸ் பக்கம் உள்ள ஒரு கடைக்குச் சென்று வந்தேன். ராயல் கிரம்மா என்று பெயர்ச்சீட்டு ஒட்டியிருந்த தொட்டியில் இருந்த மீனின் இரு நிறங்களும் நேர்க்கோட்டில் பிரிந்திருந்தன, துடுப்புகள் கண்ணாடிபோல் தெளிவாக இருந்தன, கரும்புள்ளி இல்லை. பனிக்கரை அவர்களின் விளக்கம் இல்லையென்றால் அதை வாங்கி வந்திருப்பேன். பக்கத்துத் தொட்டியில் பண்ணையில் பிறந்தவை என்ற குறிப்புடன் இரண்டு ஆர்க்கிட் டாட்டிபேக்குகள் இருந்தன. வெள்ளை விளக்கைப் போடச் சொல்லிப் பார்த்தேன். கடைக்காரர் உறைந்த மைசிஸ் போட்டதும் இரண்டும் உடனே வந்து உண்டன. மூச்சு சீராக இருந்தது, வயிறு உள்வாங்கவில்லை.

மனம் ஆர்க்கிட் டாட்டிபேக்கின் பக்கம் சாய்ந்துவிட்டது. இரண்டையும் சேர்த்து வாங்கலாமா? கோமாளி இணை புதிய மீனை ஏற்குமா? அண்மைக்காலமாகப் பெண் கோமாளி தொட்டியின் இடது மூலையில் என் கையையே கடிக்கிறது.

---

பனிக்கரை (டொராண்டோ)

உண்மையான கிரம்மா கிடைக்கும்வரை காத்திருங்கள் என்றுதான் எழுத வந்தேன். ஆனால் நீங்கள் பார்த்த மீன் பண்ணையில் பிறந்தது, கண்முன்னே உணவு உண்டது, நல்ல உடல்நிலையில் இருக்கிறது. நெடுந்தொலைவுப் பயணத்தில் களைத்து வரும் கிரம்மாவைவிட அது நல்ல தேர்வு என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஒன்று மட்டும் வாங்குங்கள். இந்த அளவுத் தொட்டியில் அவை இணை சேராமல் போனால் வலியது மற்றதைக் கொன்றுவிடும்.

கோமாளி மீன்கள் எல்லாமே ஆணாகப் பிறந்து, குழுவில் பெரியது பெண்ணாக மாறுபவை. அந்தப் பெண் இப்படி மூலையைக் காக்கிறது என்றால் முட்டையிடும் காலம் நெருங்குகிறது என்று கொள்ளலாம். அந்த மூலையை அவற்றுக்கே விட்டுவிடுங்கள். புதிய மீனுக்கு வலது பக்கத்தில், இரண்டு வாயில்கள் கொண்ட ஒரு குகை அமையும்படி பாறையை மாற்றி அடுக்குங்கள். இரண்டு வாயில் என்பது முதன்மை. ஒரே வாயிலுள்ள குகையில் துரத்தப்பட்ட மீன் சிக்கிக்கொள்ளும்.

---

உப்புக்கல் (சென்னை)

பண்ணை மீன் என்பதற்காகத் தனிமைத்தொட்டியைத் தவிர்க்க வேண்டாம். கடையில் அது கடல் மீன்களோடு ஒரே நீரில் இருந்திருக்கிறது. 40 லிட்டர் வெற்றுத் தொட்டி, முதிர்ந்த ஸ்பாஞ்ச் வடிகட்டி, ஒளிந்துகொள்ள இரண்டு பி.வி.சி. குழாய்த் துண்டுகள், ஒரு மூடி ஆகியவை போதும். நான்கு வாரம் கவனியுங்கள். உடலில் உப்புத்தூள்போல் புள்ளிகளோ, வெல்வெட் நோய்க்குரிய பொன்னிறப் பூச்சோ, விரைவான மூச்சோ தென்பட்டால் அங்கேயே செம்பு மருந்தை, அளவுமானியால் அளந்து, தரலாம். வெண்புள்ளி ஒட்டுண்ணி பவளத் தொட்டிக்குள் நுழைந்துவிட்டால், எல்லா மீன்களையும் வெளியேற்றித் தொட்டியை 76 நாள் மீனின்றி வைத்திருப்பதுதான் பலரும் கடைப்பிடிக்கும் வழி. அந்தத் துன்பத்தோடு ஒப்பிட்டால் நான்கு வாரம் பெரிதன்று.

வீட்டுக்குக் கொண்டுவந்ததும் பையை 20 நிமிடம் நீரில் மிதக்கவிட்டு வெப்பத்தைச் சமன்செய்து, உப்பளவு ஒத்திருக்கிறதா என்று பார்த்து விட்டுவிடுங்கள். நெடுநேரம் பையில் வந்த மீன் என்றால், பையைத் திறந்தபின் மணிக்கணக்கில் சொட்டுநீர் விட்டுக்கொண்டிருக்கக் கூடாது; காரத்தன்மை உயர்ந்து, பைநீரிலுள்ள அம்மோனியா நச்சாக மாறும்.

---

பாம்பன்காற்று (இராமநாதபுரம்)

தனிமைக்காலம் முடிந்தபின் பவளத் தொட்டிக்கு மாற்றும்போது, துளைகள் இட்ட ஒளிபுகும் பெட்டி ஒன்றில் மீனை வைத்து, வலதுபக்கக் கண்ணாடியை ஒட்டி இரண்டு மூன்று நாள் தொங்கவிடுங்கள். பெண் கோமாளி முதலில் பெட்டியை முட்டும். பிறகு ஆர்வம் குறைந்து தன் மூலைக்குத் திரும்பிவிடும். விளக்கை அணைத்தபின் பெட்டியைத் திறந்தால் மீன் அமைதியாகப் பாறையைத் தேடிப் போகும். முதல் வாரத்தில் கோமாளி இணைக்கு இடப்பக்கம் உணவைப் போட்டுவிட்டு, அவை உண்டுகொண்டிருக்கும்போது வலப்பக்கக் குகை வாயிலில் குழாய் மூலம் சிறிது மைசிஸ் விடுங்கள். தொட்டியின் மேற்பகுதியைத் தெளிவான வலையால், 6 மி.மீ கண் உள்ளதாக, இடைவெளியின்றி மூடுங்கள். சில்லர் குழாய் செல்லும் வெட்டும் அதில் அடங்க வேண்டும்.

---

நீலத்திரை (சிங்கப்பூர்)

ஒன்றை மட்டும் எடுத்துவைக்கும்படி கடைக்காரரிடம் சொல்லி முன்பணம் கொடுத்துவிட்டேன். ஸ்பாஞ்ச் வடிகட்டி பல மாதங்களாகத் தொட்டியின் பின்னறையில்தான் இருக்கிறது. நாளை அதைத் தனிமைத்தொட்டிக்கு மாற்றி, நீரைச் சோதித்தபின் மீனைக் கொண்டுவருகிறேன். வலை மூடிக்கு அளவெடுத்தாயிற்று. பாறையை இந்த ஞாயிற்றுக்கிழமை மாற்றி அடுக்கலாம் என்றிருக்கிறேன். யூஃபிலியாவின் உணர்கொம்புகள் இரவில் நீண்டு பக்கத்திலுள்ளவற்றைச் சுடும் என்பதால், குகையின் இரண்டாவது வாயிலை அதற்கு எதிர்ப்புறமாகத் திருப்பிவைக்கிறேன்.